கிட்னி ரிப்போர்ட்டில் இருந்த இனக் கணக்கு: எப்படி வந்தது, ஏன் போனது, இப்போது எந்த எண்ணைப் பார்ப்பது

கேள்வி இதுதான். அமெரிக்காவில் வசிக்கும் தமிழர் ஒருவரின் 2020 ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் 1.8. அதன் கீழே இரண்டு ஈஜிஎஃப்ஆர் எண்கள் (சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்ற மதிப்பீடு): "ஆப்பிரிக்க அமெரிக்கர் அல்லாதவர்: 40", "ஆப்பிரிக்க அமெரிக்கர்: 46". 2022 ரிப்போர்ட்டிலும் கிரியாட்டினின் அதே 1.8. ஆனால் எண் ஒன்றுதான், 42. இடையில் வயது 60-லிருந்து 62 ஆகியிருக்கிறது. கிட்னி கொஞ்சம் தேறிவிட்டதா? இரண்டாவது எண் ஏன் காணாமல் போனது? இந்தியர்களுக்கு எந்த எண் பொருந்தும்?

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். தேறவில்லை, சூத்திரம் மாறியிருக்கிறது. பழைய சூத்திரத்திலேயே கணக்கிட்டிருந்தால் 62 வயதில் 39 வந்திருக்கும். புதிய சூத்திரத்தை 2020 ரிப்போர்ட்டுக்குப் போட்டுப் பார்த்தால் 43 வருகிறது. ஆக, ஒரே அளவுகோலில் வைத்தால் 43-லிருந்து 42. அந்த ஒரு புள்ளியும் வயது ஏறியதால் சூத்திரம் கழித்தது. சிறுநீரகத்தைப் பற்றி அது புதிதாக எதுவும் சொல்லவில்லை. சூத்திரம் மாறிய காலத்து ரிப்போர்ட்டுகளை ஒப்பிடுகிறவர்கள் எல்லோரும் இதை முதலில் செய்ய வேண்டும்: பழைய கிரியாட்டினினை எடுத்துப் புதிய சூத்திரத்தில் மறுபடி கணக்கிடுங்கள். அச்சில் இருக்கும் ஈஜிஎஃப்ஆரை அப்படியே வரிசையாக வைத்துப் பார்த்தால் பொய்யான முன்னேற்றமோ பொய்யான சரிவோ கண்ணில் படும்.

மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் சற்று நீளம்.

சிறுநீரகம் ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லிலிட்டர் ரத்தநீரை வடிகட்டுகிறது என்பதே ஜிஎஃப்ஆர். இதை நேரடியாக அளக்க முடியும். இனுலின், அயோதாலமேட், அயோஹெக்சால் போன்ற ஒரு பொருளை ஊசியில் ஏற்றி, அது ரத்தத்திலிருந்து எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்று சில மணி நேரம் மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் இதைச் செய்ய முடியாது. அதனால் உடம்பே தயாரிக்கும் ஒரு பொருளை வைத்து ஊகிக்கிறோம். அந்த ஊகம்தான் ஈஜிஎஃப்ஆர். முன்னால் இருக்கும் அந்த 'ஈ' மதிப்பீடு என்பதைக் குறிக்கிறது. லேப் அளந்தது கிரியாட்டினினை மட்டுமே. ஜிஎஃப்ஆரை எந்தக் கருவியும் அளக்கவில்லை, கணினி கணக்குப் போட்டது.

கிரியாட்டினின் தசையில் பிறக்கிறது. தசையில் உள்ள கிரியாட்டின் நாள்தோறும் சிறிதளவு சிதைந்து கிரியாட்டினினாக ரத்தத்தில் சேர, சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. ரத்தத்தில் அளவு கூடியிருந்தால் ஒன்று வெளியேற்றம் குறைந்திருக்கிறது, இல்லையென்றால் உற்பத்தி கூடியிருக்கிறது. ரத்தத்தில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. இருபத்தைந்து வயது உடற்பயிற்சிக்காரருக்கு 1.3 இயல்பாக இருக்கலாம். அதே 1.3 நாற்பது கிலோ எடையுள்ள மூதாட்டிக்கு இருந்தால் அவரது சிறுநீரகம் பாதிக்கு மேல் போயிருக்கலாம். சூத்திரத்தில் வயதும் பாலினமும் சேர்வது இதற்காகத்தான். இரண்டும் தசையின் அளவுக்கு மாற்றாக நிற்கின்றன. இனமும் அப்படித்தான் உள்ளே வந்தது.

1976-இல் வந்த காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரத்தில் இனம் கிடையாது. வயது, எடை, கிரியாட்டினின், பெண் என்றால் 0.85, அவ்வளவுதான். இனம் நுழைந்தது 1999-இல், எம்டிஆர்டி சூத்திரத்தோடு. ஆண்ட்ரூ லீவியும் சக ஆய்வாளர்களும் சிறுநீரக நோயாளிகள் 1,628 பேரின் தரவை எடுத்து, அயோதாலமேட்டில் அளந்த ஜிஎஃப்ஆரோடு கிரியாட்டினினைப் பொருத்திப் பார்த்தார்கள். அந்த 1,628 பேரில் கறுப்பினத்தவர் 197 பேர். ஒரே வயது, ஒரே பாலினம், ஒரே கிரியாட்டினின் என்றாலும் இந்த 197 பேரின் அளந்த ஜிஎஃப்ஆர் சராசரியில் கூடுதலாக இருந்தது. நான்கு மாறிகள் கொண்ட சூத்திரத்தில் அது 1.21 என்ற பெருக்கெண்ணாக உட்கார்ந்தது. அதாவது கறுப்பினத்தவர் என்று குறித்தால் விடை 21 சதவீதம் ஏறும். 2009-இல் வந்த சிகேடி-எபி சூத்திரம் பெரிய தரவில் கட்டப்பட்டது. அங்கே பெருக்கெண் 1.159 ஆகக் குறைந்தது, ஆனாலும் இருந்தது.

கேள்வியில் இருக்கும் 40, 46 இரண்டும் இந்த 2009 சூத்திரத்தின் விடைகள்தான். 40-ஐ 1.159-ஆல் பெருக்கினால் 46. ஒரே ரத்தம், ஒரே லேப், ஒரே கிரியாட்டினின். ஒருவர் எந்தக் கட்டத்தில் டிக் செய்யப்பட்டார் என்பதால் மட்டும் இந்த ஆறு புள்ளி வித்தியாசம்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்தத் தரவில் வித்தியாசம் உண்மையாகவே தெரிந்தது. யாரும் அதை இட்டுக்கட்டவில்லை. சிக்கல், அதற்குச் சொன்ன காரணத்தில் இருந்தது. கறுப்பினத்தவருக்குச் சராசரியில் தசை அதிகம் என்று 1999 கட்டுரை ஒரு வரியில் விளக்கம் சொன்னது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட பழைய ஆய்வுகள் பலவீனமானவை. பின்னால் அமெரிக்காவில் நீண்டகாலச் சிறுநீரக நோயாளிகள் பலரை வைத்து நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், உடலமைப்பு, சிறுநீரில் வெளியேறும் கிரியாட்டினின் அளவு, சிறுநீரகக் குழாய்களின் சுரப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் முழுதாக மறையவில்லை. அப்படியானால் காரணம் தசை மட்டுமே என்று சொல்ல முடியாது. காரணம் தெரியாத ஒரு சராசரி வித்தியாசத்தை, "இனம்" என்று பெயரிட்டு, ஒவ்வொரு தனி மனிதரின் ரிப்போர்ட்டிலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் பெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

இனம் உடலியல் அளவுகோலாக எவ்வளவு தள்ளாடும் என்பதற்கு அமெரிக்காவுக்கு வெளியே போய்ப் பார்த்தால் போதும். எம்டிஆர்டி சூத்திரத்தைத் தங்கள் மக்களுக்குப் பொருத்த ஆசியாவில் பலர் முயன்றார்கள். ஜப்பானில் சுமார் 0.81-ஆல் பெருக்க வேண்டும் என்று வந்தது. சீனாவில் 1.233-ஆல் பெருக்க வேண்டும் என்று வந்தது. பக்கத்துப் பக்கத்து நாடுகள், அமெரிக்கப் படிவத்தில் இருவரும் "ஆசியர்" என்ற ஒரே கட்டம். ஒருவருக்கு விடையைக் குறைக்க வேண்டும், இன்னொருவருக்கு அமெரிக்கக் கறுப்பினத்தவரைவிடவும் கூட்ட வேண்டும்! இது இனத்தின் வேறுபாடு என்று யாராலும் வாதிட முடியாது. ஜிஎஃப்ஆரை எந்தப் பொருளால் அளந்தார்கள், கிரியாட்டினின் பரிசோதனை எந்த அளவீட்டுத் தரத்துக்குச் சரிசெய்யப்பட்டிருந்தது, ஆய்வில் சேர்ந்தவர்கள் நோயாளிகளா ஆரோக்கியமானவர்களா, என்ன சாப்பிடுகிறவர்கள் என்பவை எல்லாம் கலந்து அந்த ஒற்றைப் பெருக்கெண்ணில் ஒளிந்திருக்கின்றன.

ஆப்பிரிக்காவிலேயே சோதித்தபோது என்ன ஆனது? தென்னாப்பிரிக்கா, கானா, காங்கோ, ஐவரி கோஸ்ட் நாடுகளில் நடந்த ஆய்வுகளில் அமெரிக்க இனப் பெருக்கெண்ணைப் போடாமல் விட்டால்தான் சூத்திரம் நன்றாக வேலை செய்தது. அமெரிக்கக் கறுப்பினத்தவருக்கென்று செய்த திருத்தம் ஆப்பிரிக்கர்களுக்கே பொருந்தவில்லை. பெற்றோரில் ஒருவர் கறுப்பினத்தவர், ஒருவர் வெள்ளையர் என்றால் எந்த எண்? பெருக்கெண்ணை எட்டு சதவீதமாகப் பாதியாக்குவதா? இதற்குச் சூத்திரத்தில் பதிலே கிடையாது.

இப்போது, இந்த ஆறு புள்ளி மனிதர்களை என்ன செய்தது என்பதைப் பார்க்கலாம். அமெரிக்காவில் சிறுநீரக மாற்று சிகிச்சைக்கான காத்திருப்புக் காலம் இரண்டு வழிகளில் தொடங்கும்: டயாலிசிஸ் ஆரம்பிக்க வேண்டும், அல்லது ஜிஎஃப்ஆர் 20 அல்லது அதற்குக் கீழே இறங்க வேண்டும். டயாலிசிஸுக்கு முன்பே கடிகாரம் ஓடத் தொடங்கினால் டயாலிசிஸே இல்லாமல் மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும் வாய்ப்பு உண்டு. ஐம்பது வயது ஆண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2009 சூத்திரத்தில் கறுப்பினத்தவர் அல்லாதவருக்குக் கிரியாட்டினின் ஏறத்தாழ 3.4-ஐத் தொடும்போது 20 வந்துவிடும். கறுப்பினத்தவர் என்று குறித்தவருக்கு அது ஏறத்தாழ 3.85 வரை ஏற வேண்டும். 3.6 என்று வைத்துக்கொண்டால் ஒருவருக்கு 18.6, கடிகாரம் ஓடுகிறது. மற்றவருக்கு 21.5, இன்னும் ஓடவில்லை. நோய் மெதுவாக முற்றுகிறவருக்கு 3.4-லிருந்து 3.85-க்குப் போக மாதங்கள் ஆகலாம், ஆண்டுகளும் ஆகலாம். அந்த ஆண்டுகள் அவருடைய வரிசையிலிருந்து கழிந்தன.

இது யாருக்கு நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் சுமார் 13 சதவீதம். சிறுநீரகச் செயலிழப்புக்கு ஆளானவர்களில் அவர்கள் மூன்றில் ஒரு பங்கு. எந்தக் கூட்டத்துக்கு நோய் மிக அதிகமோ அந்தக் கூட்டத்தின் எண்ணைத்தான் சூத்திரம் "பரவாயில்லை" என்று உயர்த்திக் காட்டியது.

எதிர்ப்பு மருத்துவ மாணவர்களிடமிருந்து வந்தது. பாஸ்டனில் உள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனை 2017-இலேயே இனப் பெருக்கெண்ணை நிறுத்தியது. 2020-இல் மருத்துவச் சூத்திரங்களில் இனம் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு கட்டுரை வந்தது. சிறுநீரகச் சூத்திரம் அதில் முக்கிய உதாரணம். அதே ஆண்டு அமெரிக்கத் தேசியச் சிறுநீரக அறக்கட்டளையும் அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கமும் சேர்ந்து ஒரு பணிக்குழு அமைத்தன. சிந்தியா டெல்காடோ, நீல் பவ் இருவரும் தலைமை. 2021 செப்டம்பரில் இறுதி அறிக்கை: இனம் இல்லாத புதிய சூத்திரத்துக்கு எல்லா லேப்களும் மாற வேண்டும், சிஸ்டாட்டின் சி என்ற, தசையைச் சாராத ரத்தப் பரிசோதனையை அதிகம் பயன்படுத்த வேண்டும். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் அமைப்பும் 2021-இல் தன் வழிகாட்டுதலிலிருந்து இனத் திருத்தத்தை எடுத்துவிட்டது. கேடிகோ என்ற சிறுநீரக அமைப்பு 2024-இல் வெளியிட்ட உலக வழிகாட்டுதலும் இனத்தைத் தவிர்க்கச் சொல்கிறது.

மாற்று சிகிச்சை வரிசையில் நடந்த திருத்தம் எனக்கு இந்த முழு விவகாரத்திலும் மிக முக்கியமாகப் படுகிறது. 2022 ஜூலையிலிருந்து காத்திருப்புக்கு இனப் பெருக்கெண் போட்ட ஈஜிஎஃப்ஆரைப் பயன்படுத்தக் கூடாது என்று விதி வந்தது. அதோடு நிறுத்தவில்லை. 2023 ஜனவரியிலிருந்து ஓராண்டுக்குள் ஒவ்வொரு மாற்று சிகிச்சை மையமும் தன் பட்டியலில் உள்ள கறுப்பின நோயாளிகளின் பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடி எடுத்து, இனமில்லாமல் கணக்கிட்டால் எந்தத் தேதியிலேயே 20-க்கு இறங்கியிருப்பார்கள் என்று பார்த்து, காத்திருப்பைப் பின்தேதியிட்டுக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவானது. 2024 மார்ச் நடுப்பகுதிக்குள் 14,000 பேருக்கும் மேல் காலம் திருத்தப்பட்டது, சராசரியாக இரண்டு ஆண்டுகள். ஒரு கணக்குப் பிழைக்கு இவ்வளவு பேருக்கு நேரடியாக நேரத்தைத் திருப்பிக் கொடுத்தது மருத்துவத்தில் அபூர்வம்.

புதிய 2021 சிகேடி-எபி சூத்திரம் இப்படி இருக்கும். கிரியாட்டினின் மில்லிகிராம்/டெசிலிட்டரில்.

ஆண், கிரியாட்டினின் 0.9-க்கு மேல் இருந்தால்: 142 × (கிரியாட்டினின் ÷ 0.9)^−1.2 × 0.9938^வயது
பெண், 0.7-க்கு மேல் இருந்தால்: 142 × (கிரியாட்டினின் ÷ 0.7)^−1.2 × 0.9938^வயது × 1.012

அந்த எல்லைக்குக் கீழே கிரியாட்டினின் இருந்தால் −1.2 என்ற அடுக்குக்குப் பதில் ஆணுக்கு −0.302, பெண்ணுக்கு −0.241. சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன் ரிப்போர்ட்டுகளில் மைக்ரோமோல்/லிட்டர் என்று இருக்கும். அதை முதலில் 88.4-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். கேள்வியில் உள்ள ஆணுக்கு, 62 வயதில்: 1.8 ÷ 0.9 = 2. 2^−1.2 = 0.435. 0.9938^62 = 0.680. 142 × 0.435 × 0.680 = 42.

பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. பழைய சூத்திரத்திலிருந்து 1.159-ஐ வெறுமனே அழித்துவிடவில்லை. அப்படி அழித்தால் எல்லோரும் "கறுப்பினத்தவர் அல்லாதவர்" எண்ணுக்கு வந்துவிடுவார்கள். அதைச் சோதித்தும் பார்த்தார்கள். கறுப்பினத்தவரின் அளந்த ஜிஎஃப்ஆரைவிட விடை 7 புள்ளி குறைவாக வந்தது. அதனால் தரவை எடுத்து, இனம் என்ற மாறியையே காட்டாமல், சூத்திரத்தை முதலிலிருந்து மறுபடி பொருத்தினார்கள். கோடு இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் போய் நின்றது. விளைவு: கறுப்பினத்தவருக்கு ஏறத்தாழ 3.6 குறைத்துச் சொல்கிறது, மற்றவர்களுக்கு 3.9 கூட்டிச் சொல்கிறது. பழைய 2009 சூத்திரம் கறுப்பினத்தவருக்கு 3.7 கூட்டிச் சொன்னது, மற்றவர்களுக்கு 0.5 மட்டுமே. பிழை ஒழியவில்லை, இடம் மாறியது. இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

இடம் மாறிய பிழைக்கு இரண்டு பக்கமும் விலை உண்டு. 46-லிருந்து 43-க்கு இறங்கிய கறுப்பின நோயாளி சிறப்பு மருத்துவரிடம் முன்னதாகப் போவார், வரிசையில் முன்னதாக நிற்பார். ஆனால் அமெரிக்க விதிப்படி 45-க்குக் கீழே மெட்ஃபார்மினைப் புதிதாகத் தொடங்கப் பரிந்துரைப்பதில்லை. ஆகச் சர்க்கரை நோய்க்கு மலிவான நல்ல மருந்து அவருக்கு மறுக்கப்படலாம். புற்றுநோய் மருந்தின் அளவும் குறைக்கப்படலாம். உறவினருக்குச் சிறுநீரகம் தர முன்வந்தவர் எல்லைக்குக் கீழே போய் நிராகரிக்கப்படலாம். என் கணக்கில் நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பதன் கேடு இவற்றைவிடப் பெரிது. அதனால் மாற்றம் சரியானது. ஆனாலும் எல்லைக் கோட்டில் நிற்கும் ஒருவருக்குக் கிரியாட்டினின் எண்ணை மட்டும் வைத்து மருந்தை மறுப்பது தவறு. அந்த இடத்தில்தான் இன்னொரு பரிசோதனை வேண்டும்.

அதற்கு முன் ஒரு குழப்பத்தை விலக்கிவிடுகிறேன். "இனம் பொருட்டே இல்லையென்றால் ஏபிஓஎல்1 மரபணு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியில் இந்த மரபணுவின் ஜி1, ஜி2 என்ற இரண்டு வகைகள் காணப்படுகின்றன. தூக்க நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணியிடமிருந்து அவை காப்பாற்றியதால் தலைமுறைகளாக நிலைத்தன. இரண்டு பிரதியிலும் இவை இருந்தால் சில சிறுநீரக நோய்களின் ஆபத்து கூடும். அமெரிக்கக் கறுப்பினத்தவரில் சுமார் 13 சதவீதத்தினருக்கு இப்படி இருக்கிறது. அதாவது 87 சதவீதத்தினருக்கு இல்லை. தோலைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது, மரபணுப் பரிசோதனை செய்துதான் சொல்ல முடியும். இன்னொன்று: இது யாருக்கு நோய் வரும் என்பதைப் பற்றிய விஷயம். இன்று சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்ற கணக்குக்கு இதனால் பயனில்லை.

இனி மூன்றாவது கேள்வி: இந்தியர்களுக்கு எது? இரண்டு எண் இருந்த காலத்தில் தமிழர் "அல்லாதவர்" பக்கத்தில் விழுந்தார். அந்தப் பக்கம் பெரும்பாலும் அமெரிக்க வெள்ளையர் உடம்பை வைத்துக் கட்டப்பட்டது. தெற்காசியர் உடம்பில் அதே எடைக்குத் தசை குறைவு, கொழுப்பு அதிகம். பலர் இறைச்சி சாப்பிடுவதில்லை, அல்லது எப்போதாவதுதான் சாப்பிடுகிறார்கள். சமைத்த இறைச்சியிலிருந்தும் கிரியாட்டினின் வருவதால் அந்த வரவும் குறைவு. உற்பத்தி குறைந்தால் கிரியாட்டினின் தாழ்வாகக் காட்டும், சூத்திரம் அதைச் சிறுநீரகத்தின் நலம் என்று எடுத்துக்கொள்ளும். கராச்சியில் இனுலின் முறையில் அளந்து ஒப்பிட்டபோது 2009 சூத்திரம் கூட்டிச் சொல்வது தெரிந்தது. அவர்கள் தந்த திருத்தம்: 0.686 × (ஈஜிஎஃப்ஆர்)^1.059. அதைப் போட்டால் 40 என்பது 34 ஆகிறது. இந்தியாவில் தானம் தர முன்வந்த ஆரோக்கியமானவர்களை அளந்தபோதும் ஜிஎஃப்ஆர் மேற்கத்திய சராசரியைவிடக் குறைவாகவே வந்தது.

ஆக, 2021 மாற்றத்தில் தெற்காசியருக்கு நடந்தது இதுதான்: ஏற்கெனவே சற்றுக் கூடுதலாகக் காட்டிக்கொண்டிருந்த எண் இன்னும் இரண்டு மூன்று புள்ளி ஏறியது. கேள்வியில் உள்ள 42 அப்படிப்பட்டது. அப்படியானால் கராச்சித் திருத்தத்தை எல்லாத் தமிழருக்கும் போட்டுவிடலாமா? கூடாது. அதுவும் இன்னொரு இனப் பெருக்கெண்தான். கபடி ஆடும் இளைஞருக்கும், ஆண்டுக்கணக்காகப் படுக்கையில் இருக்கும் பெரியவருக்கும் "தெற்காசியர்" என்று ஒரே எண்ணைப் போட்டால், அமெரிக்காவில் செய்த அதே பிழையை நாம் செய்தவர்களாவோம். தசைக்குப் பதிலாக இனத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, தசையைச் சாராத ஒன்றை அளப்பதே வழி.

சிஸ்டாட்டின் சி அந்த ஒன்று. இது உடம்பில் உட்கரு உள்ள எல்லாச் செல்களும் சீராகச் சுரக்கும் சிறு புரதம். சிறுநீரகம் இதை வடிகட்டி, குழாய்களிலேயே சிதைத்துவிடுகிறது. தசையும் இறைச்சி உணவும் இதை அதிகம் பாதிப்பதில்லை. 2012-இல் வந்த சிஸ்டாட்டின் சூத்திரத்தில் தொடக்கத்திலிருந்தே இனம் தேவைப்படவில்லை. கிரியாட்டினினையும் சிஸ்டாட்டின் சி-யையும் சேர்த்துப் போடும் 2021 சூத்திரத்தில் கறுப்பினத்தவருக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான பிழை வித்தியாசம் மிகச் சிறிதாகிவிடுகிறது. தனித்தனியாகப் போடுவதைவிட இரண்டும் சேர்ந்த விடைதான் அளந்த ஜிஎஃப்ஆருக்கு மிக நெருக்கம்.

கணக்கில் பார்த்தால் விளங்கும். எழுபது வயது, 42 கிலோ, 148 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண். கிரியாட்டினின் 0.9, சிஸ்டாட்டின் சி 1.3 மில்லிகிராம்/லிட்டர். கிரியாட்டினினை மட்டும் வைத்தால் 69, யாரும் கவலைப்பட மாட்டார்கள். சிஸ்டாட்டினை மட்டும் வைத்தால் 49. இரண்டும் சேர்ந்தால் 59. இன்னும் ஒன்று பாக்கி. இந்த எண்கள் எல்லாம் 1.73 சதுர மீட்டர் உடல் பரப்புக்கு நிகராக்கப்பட்டவை. இந்தப் பெண்ணின் பரப்பு 1.32 சதுர மீட்டர்தான். 59 × 1.32 ÷ 1.73 = 45. சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்துக்கு அளவு குறிக்கும்போது இந்த 45-ஐத்தான் பார்க்க வேண்டும். நம் ஊரில் சிறிய உடம்புக்காரர்கள் நிறையப் பேர் என்பதால் மருந்து விஷயத்தில் இந்தக் கடைசிப் படியை விடவே கூடாது. விட்டால் 69-க்கு உரிய அளவு மருந்து 45 உள்ள உடம்புக்குள் போகும்.

சிஸ்டாட்டினும் குறையற்றதல்ல. ஸ்டீராய்டு மாத்திரை, உடல்பருமன், புகைப்பழக்கம், உடம்பில் அழற்சி, தைராய்டு மிகை ஆகியவை அதை உயர்த்தும். தைராய்டு குறைவு அதைத் தாழ்த்தும். ஸ்டீராய்டு எடுக்கிறவருக்கு சிஸ்டாட்டின் எண் மட்டும் மோசமாக இருந்தால் உடனே பயப்பட வேண்டாம். எல்லா ஊர் லேப்களிலும் கிடைக்காது, கிரியாட்டினினைவிடச் செலவு கூடுதல். அதனால் எல்லோருக்கும் எப்போதும் வேண்டியதில்லை. ஈஜிஎஃப்ஆர் 45 முதல் 60-க்குள் இருந்து சிறுநீரில் புரதம் இல்லாதவர், மிக ஒல்லி அல்லது மிகுந்த தசை உள்ளவர், கை கால் இழந்தவர், சிறுநீரகத் தானம் தர முன்வருபவர், குறுகிய எல்லைக்குள் அளவு குறிக்க வேண்டிய மருந்து எடுப்பவர் போன்றோருக்கு ஒருமுறை செய்துகொள்வது செலவுக்குத் தகுந்த பயன் தரும்.

ரிப்போர்ட் கையில் வந்ததும் எந்தச் சூத்திரம் என்று பாருங்கள். "சிகேடி-எபி 2021" என்று இருக்க வேண்டும். சில லேப் மென்பொருள்களில் எம்டிஆர்டியோ 2009-ஓ இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். பெயரே இல்லையென்றால் லேபில் கேளுங்கள், அல்லது மேலே உள்ள சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். இன்றும் ரிப்போர்ட்டில் இரண்டு இன எண்கள் வந்தால் இரண்டையும் விட்டுவிட்டுப் புதிதாகக் கணக்கிடுங்கள். அடுத்தது கிரியாட்டினின் பரிசோதனை முறை. பழைய ஜாஃபே முறையில் கீட்டோன், சில ஆன்டிபயாடிக் ஆகியவை எண்ணை உயர்த்தும், மஞ்சள் காமாலையில் பிலிருபின் அதைத் தாழ்த்தும். என்சைம் முறை இதைவிட நம்பகம். கிரியாட்டினின் தாழ்வாக இருக்கும் இடத்தில் சிறு பிழையும் ஈஜிஎஃப்ஆரில் பெரிதாகும். 60 வயது ஆணுக்கு 0.9 என்றால் 98, 1.1 என்றால் 77. வெறும் 0.2-இல் 21 புள்ளி போய்விடுகிறது. டிரைமெத்தோப்ரிம், சிமெடிடின், டோலுடெக்ராவிர் போன்ற மருந்துகள் குழாய்கள் கிரியாட்டினினைச் சுரப்பதைத் தடுக்கும். வடிகட்டல் மாறாமலே எண் ஏறும். முந்தைய இரவு பிரியாணி பலமாக இருந்தாலும் ஏறும், ஆகவே அடுத்த பரிசோதனைக்கு முந்தைய நாள் இறைச்சியைத் தவிருங்கள்.

சிறுநீரக நோய் என்று சொல்ல ஒரு ரிப்போர்ட் போதாது. மூன்று மாத இடைவெளியில் மறுபடி பார்த்து, அப்போதும் 60-க்குக் கீழே இருக்க வேண்டும். அல்லது இரண்டு முறையும் சிறுநீரில் அல்புமின் (ஒரு புரதம்)-கிரியாட்டினின் விகிதம் 30 மில்லிகிராம்/கிராமைத் தாண்டியிருக்க வேண்டும். இந்தச் சிறுநீர்ப் பரிசோதனையைப் பலர் செய்வதே இல்லை. அது ஈஜிஎஃப்ஆருக்கு இணையான முக்கியத்துவம் உள்ளது, செலவும் குறைவு. திடீரென்று சிறுநீரகம் பாதித்த நிலையிலும் கர்ப்ப காலத்திலும் இந்தச் சூத்திரங்கள் எதுவும் செல்லாது. குழந்தைகளுக்குத் தனிச் சூத்திரம் உண்டு: 0.413 × சென்டிமீட்டரில் உயரம் ÷ கிரியாட்டினின்.

கேள்வியில் உள்ள 62 வயதுக்காரருக்கு நான் சொல்வது: 42-ஐ முன்னேற்றம் என்று எண்ண வேண்டாம். உடம்பு ஒல்லியாக இருந்தால் உண்மை எண் 42-க்கும் கீழே இருக்க இடமுண்டு. மருத்துவரிடம் சிஸ்டாட்டின் சி, சிறுநீர் அல்புமின் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். மெட்ஃபார்மின் எடுக்கிறவராக இருந்தால் இந்த நிலையில் அளவைக் குறைக்க வேண்டுமா என்று கேளுங்கள், 30-க்குக் கீழே போனால் அதை நிறுத்த வேண்டும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் மாத்திரைகளை இன்றே நிறுத்துங்கள். 2020 முதலான எல்லாக் கிரியாட்டினின்களையும் ஒரே தாளில் தேதி போட்டு எழுதி, 2021 சூத்திரத்தில் கணக்கிட்டு, அந்தத் தாளை அடுத்த சந்திப்புக்குக் கையோடு கொண்டுபோங்கள்.